தண்ணீர் சொட்டும் கார்

டொயோட்டா நிறுவனம் 2014 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த மிராய் கார் ஹைட்ரஜனில் ஓடுகிறது. ஓட்ட உட்கார்ந்தால் முதலில் உணர்வது அதன் அமைதியைத்தான். எஞ்சின் உறுமல் இல்லை, கியர் மாறும் குலுக்கலும் இல்லை. உள்ளே எதுவும் எரிவதில்லை. டேங்கில் இருக்கும் ஹைட்ரஜன், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு எரிபொருள் மின்கலத்தில் சேரும்போது மின்சாரம் பிறக்கிறது. அது மோட்டாரைச் சுழற்றுகிறது. வெளியே வருவது தண்ணீர். ஒரு பொத்தானை அழுத்தினால், தேங்கிய நீர் காருக்கு அடியில் வழிந்துவிடும். எத்தனை அழகான ஏற்பாடு!

புதிய மிராயில் 5.6 கிலோ ஹைட்ரஜன் பிடிக்கும். அமெரிக்க அரசின் கணக்குப்படி அதில் 640 கிலோமீட்டருக்கு மேல் போகலாம். நிரப்ப ஏறக்குறைய 5 நிமிடம்தான். வாயுவை மைனஸ் 40 டிகிரி வரை குளிர்வித்து ஏற்றுவதால், சில சமயம் பம்பின் முனை காரோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். இளகும்வரை காத்திருக்க வேண்டும்.

ஆனால் பங்க் எங்கே? இந்தக் கார் அதிகம் ஓடும் கலிபோர்னியாவிலேயே, ஷெல் நிறுவனம் 2024-இல் கார்களுக்கான தன் ஹைட்ரஜன் நிலையங்களை மூடிவிட்டது. அங்கே ஒரு கிலோ 36 டாலர் வரை ஏறியது. டேங்க் நிரம்ப 200 டாலர்! போதாக்குறைக்கு, உலகின் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இன்றும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான் வருகிறது.

இந்தியாவிலும் இந்தக் கார் எட்டிப் பார்த்தது: 2022 மார்ச்சில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி டெல்லியில் மிராய் காரில் நாடாளுமன்றத்துக்கு வந்தார். ஆனாலும் காற்றாலை, சூரிய மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுக்கும் ஹைட்ரஜன் மலிவாகவும் பக்கத்திலும் கிடைக்கும்வரை, சாதாரணக் குடும்பம் வாங்குவதற்கு இது ஏற்ற கார் இல்லை.