யேனாவின் கருவிப் பட்டறை



ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் சளியைச் சோதித்துக் காசநோய் என்று சொல்கிறார்களே, அந்த மைக்ராஸ்கோப்பைச் செய்தவர்களைப்பற்றி நாம் அதிகம் யோசிப்பதில்லை.

1846-ல் ஜெர்மனியின் யேனா நகரில் கார்ல் சைஸ் என்பவர் ஒரு சிறு பட்டறை தொடங்கினார். அக்காலத்தில் லென்சுகளை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்ப்பார்கள்; தெளிவாகத் தெரிந்தால் அதிர்ஷ்டம். சைசுக்கு இது பிடிக்கவில்லை. 1866-ல் எர்ன்ஸ்ட் அபே என்ற இளம் ஆசிரியரை நாடினார். கணக்குப் போட்டே லென்ஸ் செய்ய அபே பல ஆண்டுகள் பாடுபட்டு வழி கண்டார். 1882-ல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தபோது, சாயமேற்றும் முறை அவருடையது. ஒளியைக் குவித்த அமைப்பும் எண்ணெய் லென்சும் யேனாவுடையவை. கோக்கை அறிந்த நாம் அபேயை அறியாதிருப்பது நியாயமல்ல.

அபே கம்பெனியின் பங்குதாரராகிச் செல்வந்தரானார். ஆனால் அவருடைய தகப்பனார் நூற்பாலைத் தொழிலாளி. தினமும் 14 மணி நேரத்துக்குமேல் நின்றபடியே வேலை. மத்தியானச் சாப்பாடு கொண்டுபோன சிறுவன் அதைக் கண்ணாரக் கண்டிருந்தான்.

சைஸ் மறைந்தபின், 1889-ல் அபே ஓர் அறக்கட்டளையை நிறுவினார். 1891-ல் தமது பங்குகளை அதற்கே எழுதிக் கொடுத்தார். பிறகு 1903 வரை அங்கேயே நிர்வாகியாக உழைத்தார்! தொழிலாளருக்கு லாபத்தில் பங்கு, சம்பளத்துடன் விடுமுறை, ஓய்வூதியம் எல்லாம் சட்டதிட்டமாயின. 1900-ல் வேலை நேரம் ஒன்பது மணியிலிருந்து எட்டாயிற்று. அபே கூலிக் கணக்கை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். உற்பத்தி குறையவில்லை, சற்றே கூடியிருந்தது. இன்றும் அந்தக் கம்பெனியின் உரிமை அறக்கட்டளையிடமே இருக்கிறது.