காலியாக ஒரு தியேட்டர்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்று ஓர் ஊர். அங்குள்ள செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையில் 2002இல் 32 ஆபரேஷன் தியேட்டர்கள் இருந்தன. அத்தனைக்கும் முன்பதிவு நிரம்பி வழிந்தது. விபத்தில் அடிபட்டு ஒருவர் வந்துவிட்டால், அன்றைய பட்டியலில் இருக்கும் யாரையாவது தள்ளிவைத்தாக வேண்டும். ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் காத்திருந்தவரிடம் போய் அதைச் சொல்லவும் வேண்டும். டாக்டர்களும் நர்ஸுகளும் நடுநிசி தாண்டியும் வேலை பார்த்தார்கள்.

அப்போது ஒரு யோசனை வந்தது: ஒரு தியேட்டரை யாருக்கும் பதிவு செய்யாமல், அவசர நோயாளிகளுக்கென்றே விட்டுவைப்பது. இருக்கிற இடமே போதவில்லை, அதிலும் ஒன்றைப் பிடுங்குவதா என்று அறுவை நிபுணர்கள் கொதித்தார்கள். நியாயமான கோபம்தான். ஆனாலும் செய்து பார்த்தார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் நடக்கும் அறுவைச் சிகிச்சைகள் 45 சதவீதம் குறைந்தன. மொத்தத்தில் முன்பைவிட அதிகம் பேருக்குச் சிகிச்சை செய்யவும் முடிந்தது.

எப்படி? அவசரம் சொல்லாமல் வருவது என்றே நினைக்கிறோம். தனி ஒருவருக்கு அது உண்மை. இன்று யாருக்கு அப்பெண்டிக்ஸ் வீங்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் பெரிய ஊரில் சிலருக்காவது வீங்கும் என்பது நிச்சயம். தினமும் வரப்போகிறவர்களுக்கு இடம் ஒதுக்காமல் இருந்துவிட்டு, வந்தபின் பதறியதுதான் அங்கே நடந்த கோளாறு. இடம் ஒதுக்கியபின் மற்ற தியேட்டர்களின் பட்டியல் கலையவில்லை.

மருத்துவமனை நெரிசலைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்த யூஜீன் லிட்வாக் இன்னொன்றையும் காட்டினார். மருத்துவமனைகளில் நெரிசலை உண்டாக்குவதில் அவசர நோயாளிகளைவிட நாமே தேதி குறிக்கும் சிகிச்சைகளுக்குத்தான் பங்கு அதிகம். டாக்டர்கள் தங்கள் வசதிக்குச் சில நாட்களில் பட்டியலைக் குவித்துவிடுகிறார்கள். அந்த நாட்களில் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை கிடைப்பதில்லை. மற்ற நாட்களில் அதே படுக்கைகள் சும்மா கிடக்கின்றன. வாரம் முழுக்கப் பரப்பிப் போட்டால், புதிய கட்டடம் இல்லாமலே பாதி நெருக்கடி தீரும் என்று நான் நம்புகிறேன். இரண்டே தியேட்டர் உள்ள சிறிய மருத்துவமனையில் ஒன்றைக் காலியாக வைக்க முடியாதுதான். பட்டியலைப் பரப்புவதை அங்கேயும் செய்யலாம்.

நேயர்களே, உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் தேதி குறித்திருந்தால், பட்டியலில் எத்தனையாவது ஆள் என்று கேளுங்கள்; எவ்வளவு நேரம் வெறும் வயிற்றோடு காத்திருக்க வேண்டும் என்று ஓரளவு தெரியும். பொதுவாக, மயக்க மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை வெறும் தண்ணீர் குடிக்கலாம். சிலருக்கு மட்டும் அது ஆகாது. நேரம் தள்ளிப்போனால், "இப்போது தண்ணீர் கொடுக்கலாமா?" என்று மயக்க மருந்து டாக்டரிடம் உடனே கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம்.