செக்குபந்தி: கார்வேட்டிநகர ஜமீனும் நம் ஊர் மண்ணும்



இன்று நாம் நினைவுகூரும் ஆசிரியர் ஐயா, வகுப்பில் தமிழும் சந்தையில் தெலுங்குமாக வாழ்ந்தவர். அவர் பெயரில் நடக்கும் இந்தச் சொற்பொழிவுக்கு, இரண்டு மொழியிலும் வேர்விட்ட ஒரு பொருளையே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம் ஒன்று இருக்கிறது. மடித்த இடமெல்லாம் கிழிந்து, நூலால் தைத்திருக்கிறது. எழுத்து முழுவதும் தெலுங்கு. வீட்டில் தெலுங்கு பேசுவேனே தவிர, எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பாட்டிதான் எழுத்துக் கூட்டிப் படித்தார். செக்குபந்தி, அதாவது நிலத்தின் நாற்புற எல்லை விவரம், வந்த இடத்தில் நிறுத்தி நிறுத்திப் படித்தார். கிழக்கே ஏரிக் கால்வாய், மேற்கே புளியமரம். கால்வாய் இன்னும் இருக்கிறது. மரம் இல்லை. அந்த மரத்தடியில் நின்று எல்லை பேசியவர்கள் யார், இந்த மண் யார் யார் கைமாறி வந்தது என்ற கேள்வி அன்றுதான் எனக்குள் எழுந்தது.

வந்தவர்களும் நிலமும்

அந்தக் கேள்வியோடு போனால் கார்வேட்டிநகரத்தில்தான் போய் நிற்போம். அதை ஆண்டது தெலுங்கு பேசிய மாகராஜுக் குடும்பம். அவர்கள் கோதாவரிச் சீமையிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்பது மரபுவழிச் செய்தி. பழைய ஆவணங்கள் இந்தச் சீமையைப் பொம்மராஜு பாளையம் என்கின்றன. புத்தூர், திருத்தணி, நம் பள்ளிப்பட்டு எல்லாம் அதற்குள் அடக்கம். பரப்பு 900 சதுர மைலுக்கும் மேல்.

பாளையக்காரராக இருந்தவரைக் கிழக்கிந்தியக் கும்பினி 1802இல் ஜமீன்தார் ஆக்கியது. ஆண்டுதோறும் பேஷ்குஷ் என்னும் கப்பம் கட்டினால் நிலம் நிலையாக உங்களுடையது என்று சன்னது, அதாவது உரிமைச் சாசனம், கொடுத்தது. கையிலிருந்த படை போயிற்று, தாள் வந்தது. அந்தக் குடும்பம் கலையை வளர்த்தது உண்மை. வேணுகோபால சுவாமி மீது சாரங்கபாணி பாடிய தெலுங்குப் பதங்களுக்கு இன்றும் நம் மேடைகளில் அபிநயம் பிடிக்கிறார்கள். ஆனால் கடனும் கூடவே வளர்ந்தது. கடன் சுமையால் ஜமீன் நிர்வாகமே குடும்பத்தின் கையைவிட்டுப் போகும் நிலை வந்தது. வாளுக்குத் தப்பிய நிலம் கடன் பத்திரத்துக்குத் தப்பவில்லை.

கடலுக்கு அப்பால் ஒரு குடும்பம்

இதே கதை கலிபோர்னியாவிலும் நடந்திருக்கிறது. லூயிஸ் மரியா பெரால்டா இளவயதில், 1776இல், ஸ்பானியக் குடியேறிகளோடு அங்கே வந்தார். படையில் பல்லாண்டு பணிபுரிந்ததற்காக 1820இல் ஸ்பானிய ஆளுநர் அவருக்கு ஏறத்தாழ 44,800 ஏக்கர் மானியம் கொடுத்தார். இன்றைய ஓக்லாந்து, பெர்க்லி நகரங்கள் அந்த நிலத்தில்தான் நிற்கின்றன. 1842இல் நான்கு மகன்களுக்கு அதைப் பாகம் பிரித்தார்.

1848இல் கலிபோர்னியா அமெரிக்காவின் கைக்குப் போயிற்று. பழைய சொத்துரிமை செல்லும் என்று உடன்படிக்கை சொன்னது. ஆனால் 1851இல் வந்த சட்டமோ, உங்கள் நிலம் உங்களுடையது என்பதை நீங்களே நிரூபியுங்கள் என்றது. அந்த ஊர்களின் மானியத் தாள்களோடு கையால் வரைந்த படம் ஒன்று இருக்கும். குன்று, ஓடை, தனித்து நிற்கும் மரம் என்று எல்லை காட்டும். நம்முடைய செக்குபந்தியேதான்! ஸ்பானிய மொழியில் எழுதிய அந்தத் தாளை வைத்துக்கொண்டு, ஆங்கிலம் பேசும் மன்றத்தில் பெரால்டாவின் பிள்ளைகள் வழக்காடினார்கள். நிலத்தில் அத்துமீறிக் குடியேறியவர்கள் ஒரு பக்கம், வக்கீல் செலவு மறுபக்கம். பட்டா கைக்கு வந்தபோது பெரும்பகுதி நிலம் விற்றும் இழந்தும் போயிருந்தது.

ஆனால் பெரால்டாவுக்கு முன்பே அங்கே ஓலோனி மக்கள் வாழ்ந்தார்கள். அந்த நிலத்துக்கு அவர்கள் பெயரில் மானியத் தாள் இல்லை. நம் பக்கத்திலும் ஜமீனிடம் பட்டா பெற்று, அதற்கு ஈடாக முச்சலிக்கா என்னும் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்த ரயத்துகள், அதாவது குடியானவர்கள், உண்டு. அவர்களுக்குக் கீழே, சேற்றில் இறங்கி நட்டும் அறுத்தும் எந்தத் தாளிலும் ஏறாமல் போனவர்களும் உண்டு. ஜமீன் வரலாறு பேசும்போது அவர்களை விட்டுவிட்டுப் பேசினால் அது பாதி வரலாறுதான்.

அரண்மனை அங்கே, வயல் இங்கே

1908இன் எஸ்டேட் நிலச் சட்டம் ரயத்துக்குச் சாகுபடி உரிமையை உறுதி செய்தது. 1948இன் ஒழிப்புச் சட்டம் ஜமீனையே முடித்து, குடியானவர் அரசுக்கே நேரடியாக வரி கட்டும் ரயத்துவாரி முறையைக் கொண்டுவந்தது. 1911இலிருந்து சித்தூர் மாவட்டத்தில் இருந்த நாம், 1953இல் ஆந்திர மாநிலத்தோடு போனோம். மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், அதன் பின்னர் வந்த படாஸ்கர் தீர்ப்பும் நம்மை 1960 ஏப்ரல் 1ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேர்த்தன. கார்வேட்டிநகரம் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது. அரண்மனை எல்லைக்கு அந்தப் பக்கம், அதற்கு வரி கட்டிய வயல் இந்தப் பக்கம். அங்கிருந்து இங்கே ஓடி வரும் ஆற்றுக்கு மட்டும் இந்த எல்லை தெரியாது. அந்தப் பக்கம் கிருஷ்ணாபுரம் அணை திறந்தால் நம் தரைப்பாலம்தான் மூழ்குகிறது.

எல்லை மாறியது நமக்கு நன்மையே. ஆனால் எழுத்து மாறியபோது நம் பழைய பத்திரங்கள் ஊமையாகிவிட்டன. பழைய தாள் என்று எடைக்குப் போடுகிறோம், மழையில் நனையவிடுகிறோம். அதில் இருப்பது சொத்துக் கணக்கு மட்டுமல்ல. எந்த ஓடை எங்கே ஓடியது, எந்த ஏரியின் கால்வாய் எவ்வளவு தூரம் போனது, பக்கத்து நிலத்துக்காரர் பெயர் என்ன என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

மாணவச் செல்வங்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த விடுமுறையில் தெலுங்கு எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். வீட்டுப் பெட்டியைத் திறந்து, படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். பத்திரத்தைப் படம் எடுங்கள். அவர்கள் படிப்பதைத் தமிழில் எழுதி வையுங்கள். எனக்குப் படித்துக் காட்டிய பாட்டி இப்போது இல்லை. கடைசிப் பக்கம் மிச்சமிருக்கிறது. அதை நானே எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.