எத்தனை பிள்ளைகள்?



"உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் நாம் தயங்காமல் கேட்கும் கேள்வி இது. இதற்கான விடை, பல நேரங்களில் நாம் பிறந்து வளர்ந்த வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது.

புனித ஜியன்னா பெரெத்தா மோல்லா இத்தாலியில் 1922-ஆம் ஆண்டு, பதின்மூன்று பிள்ளைகளில் பத்தாவதாகப் பிறந்தவர். மருத்துவரான பிறகும் பிள்ளைகள் நிறைந்த வீட்டையே விரும்பினார். நான்காம் பிள்ளையைச் சுமந்தபோது கருப்பையில் கட்டி கண்டது. குழந்தையைக் காக்கும் வழியையே தேர்ந்தார். 1962-இல், மகள் பிறந்த ஒரே வாரத்தில் இறைவனடி சேர்ந்தார்.

ஆனால் பெரிய குடும்பத்தில் வளர்ந்த எல்லாரும் அதையே விரும்புவதில்லை. தம்பி தங்கைகளை இடுப்பில் சுமந்து, படிப்பை இழந்த மூத்த மகள், "என் பிள்ளைக்கு இது வேண்டாம்" என்று நினைக்கலாம். தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைகள் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அந்த எண்ணுக்குள் இத்தகைய நினைவுகளும் இருக்கின்றன. காத்திருந்தும் குழந்தை கிட்டாதவர்களின் கண்ணீரும் இருக்கிறது.

பொறுப்புள்ள பெற்றோராக, இறைவன் திருமுன் கணவனும் மனைவியும் எண்ணிப் பார்க்க வேண்டியது இது என்று 1968-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் கற்பித்தார். தீர்ப்பிடும் இடம் நமக்கு இல்லை.

அன்னாவை அழவைத்தது பெனின்னாவின் ஏளனம். இந்த வாரம் யாரையேனும் சந்திக்கும்போது அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, "நலமா இருக்கிறீர்களா?" என்று கேட்போம்.

இறைவன் நம் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.