பூட்டியின் பெயர்

பாட்டனாரின் பெயரைப் பிள்ளைக்கு இடுவது நம்மவர் வழக்கம். 'பெயரன்' என்ற சொல்லே 'பேரன்' என மருவிற்று. உறவுச் சொல்லிலேயே முன்னோர் நினைவைப் பொதிந்து வைத்தனர்.

என் பாட்டியின் தாயாரைப் 'பூட்டி' என்றே அழைத்தோம். 1957-இல் நயா பைசா வந்து முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் அவர் பழைய கணக்கை விடவில்லை. "ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி, படிக்கு 8 ஆழாக்கு" என்று கதைகளுக்கிடையே ஒப்பிப்பார். சிறுவர்களாகிய நாங்கள் நகைத்தோம்.

இன்று தில்லியில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிகிறேன். பழைய ஆவணங்களில் தம்பிடியும் ஆழாக்கும் எதிர்ப்படுங்கால் நான் அகராதியைத் தேடுவதில்லை. பூட்டியின் குரலே பொருள் கூறிவிடுகிறது.

அண்மையில் இதனை என் மகளிடம் சொன்னேன். "பூட்டியின் பெயர் என்ன, அப்பா?" என்று வினவினாள். நான் வாயடைத்து நின்றேன். அவர் கற்பித்த கணக்கு முழுவதும் நினைவிலுண்டு. அவருடைய இயற்பெயரை மட்டும் நான் அறியேன். ஒருநாளும் கேட்டதில்லை. அதனைச் சொல்லக்கூடிய பெரியோர் எவரும் இன்று எங்கள் குடும்பத்தில் இல்லை.

உங்கள் இல்லத்தில் முதியோர் இருப்பாராயின், இன்றிரவே அருகில் அமருங்கள். அவர்தம் பெற்றோர் பெயரையும், பாட்டன் பாட்டியர் பெயரையும் கேட்டு எழுதி வையுங்கள். நாளை உங்கள் குழந்தை வினவும்போது விடை இருக்கட்டும்.