கொழுகொழு பிள்ளையும் ஈரலும்



"எம் புள்ள கொழுகொழுன்னுதானே இருக்கான்" என்று இருந்துவிடாதீர்கள். வயிறு பெருத்து, பிடரித் தோல் கறுத்திருந்தால் ஈரலில் கொழுப்பு சேர்ந்திருக்கலாம். வலி தெரியாது. கவனியாவிட்டால் சில பிள்ளைகளுக்கு நாளடைவில் ஈரலில் தழும்பு விழுந்து இறுகும்.

தழும்பைப் பார்க்க முன்பெல்லாம் ஊசி குத்தி ஈரல் சதையை எடுத்தார்கள். இப்போது பல பெரிய ஆஸ்பத்திரிகளில் ஃபைப்ரோஸ்கேன் கருவி இருக்கிறது. 3 மணி நேரம் ஒன்றும் சாப்பிடாத பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, வலது விலா இடுக்கில் கருவியால் லேசாகத் தட்டுவார்கள். இறுகிய ஈரலில் அதிர்வு வேகமாக ஓடும், அதுதான் கணக்கு. வலியில்லை, சில நிமிட வேலை. ரத்தப் பரிசோதனையையும் சேர்த்து டாக்டர் முடிவு சொல்வார். சந்தேகம் தீராவிட்டால்தான் ஊசி.

ஆரம்பத்தில் கண்டால் ஈரல் தேற வழியுண்டு. கலர் சோடாவை நிறுத்துங்கள், ஓடியாட விடுங்கள். பயப்படாமல் கூட்டிப் போங்கள்.