வாடகை அறைக்குப் போகும் தங்கச்சிமாருக்கு

(உயர்தர வகுப்பை முடித்துச் செல்லும் மாணவியருக்காக நமது சங்கம் நடத்திய வழிகாட்டல் அமர்வில் ஆற்றிய உரை)



டாக்டரைக் கூப்பிட்டால் இரத்தசோகை பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். நான் இன்று வாடகை அறை பற்றிப் பேசப் போகிறேன். இன்னும் சில மாதங்களில் உங்களில் பலர் ஹற்றனில் ரயிலேறி கண்டிக்கோ கொழும்புக்கோ போவீர்கள். படிக்கப் போனாலும் வேலைக்குப் போனாலும் முதல் வேலை ஓர் அறை தேடுவதுதான்.

நான் பொகவந்தலாவையில் ஒரு லயத்தில் பிறந்தவள். 10க்கு 12 அடி காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, ஆறு பேர். நாங்கள் வாடகை கொடுத்ததில்லை, ஒப்பந்தம் எழுதியதில்லை. அம்மாவின் பேர் செக்ரோலில் இருந்தது, அதனால் வீடும் இருந்தது. கூரை ஒழுகினால் ஆபீசில் போய்ச் சொல்ல அம்மா தயங்குவார். “இருக்கிறதையும் கெடுத்துக்காத” என்பார். வாய் திறக்காமல் இருந்தால்தான் வீடு நிலைக்கும் என்பதை நான் அங்கேதான் படித்தேன். அந்தப் பாடம் கொழும்பில் எனக்கு உதவவில்லை.

வேலை கிடைத்த புதிதில் நானும் ஒரு தோழியும் கொழும்புக்கு வெளியே ஓர் அனெக்ஸ் எடுத்தோம். ஆறு மாத முற்பணத்தைக் கையில் கொடுத்தோம். ரசீது கேட்டால் வீட்டுக்கார அம்மா மனம் நோவார் என்று கேட்கவில்லை. நாலாம் மாதம், வெளிநாட்டிலிருந்து உறவினர் வருகிறார் என்று எங்களைப் போகச் சொன்னார். மீதிப் பணத்தைக் கேட்டபோது, “எந்தப் பணம்?” என்றார். காட்டுவதற்கு எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. நோயாளியிடம் நூறு கேள்வி கேட்கப் படித்த எனக்கு, வீட்டுக்காரரிடம் ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை.

ஆகவே நான் பட்டுத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அறையைப் பகலில் பாருங்கள். முடிந்தால் மழை பெய்த மறுநாள் பாருங்கள். சுவரில் கறுப்புப் பூஞ்சணம் இருந்தாலோ, ஈர நாற்றம் அடித்தாலோ வேண்டாம். இழுப்பு உள்ளவர்களுக்கு அது ஆகவே ஆகாது. திறக்கக்கூடிய ஜன்னல் இருக்க வேண்டும். கதவும் குளியலறையும் உள்ளிருந்து பூட்டுப்பட வேண்டும். மின்பெட்டியில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று கேளுங்கள். அதிலுள்ள சோதனைப் பொத்தானை வீட்டுக்காரரைக் கொண்டே அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். மின்சாரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அது உங்களைக் காப்பாற்றாது.

பணம் கொடுக்கும்போதே ரசீது வாங்குங்கள். திகதி, தொகை, எந்த மாதத்துக்கு, வாங்கியவரின் பெயர், கையொப்பம் எல்லாம் அதில் இருக்கட்டும். வங்கி மூலம் அனுப்பினால் இன்னும் நல்லது. முற்பணம் மாதா மாதம் கழியுமா, போகும்போது திரும்பக் கிடைக்குமா என்பதை முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். பேசுகிறவர்தான் உரிமையாளரா என்று அறிய, அவர் பெயரில் உள்ள தண்ணீர்ப் பில்லையோ வரி ரசீதையோ காட்டச் சொல்லலாம்.

ஒப்பந்தம் பற்றி ஒரு சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் செல்லும். ஒரு வருடத்துக்கு என்று சொல்லி வெறும் தாளில் கையொப்பம் வாங்கினால் அதை நம்பியிருக்க முடியாது. சிங்களத்தில் எழுதியிருந்தால், வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு முழுவதையும் வாசித்துக் கேட்ட பிறகே கையொப்பம் வையுங்கள்.

குடிபுகும் நாளில் மின்மானியைப் படம் எடுங்கள். பாவனை கூடக் கூட ஓர் அலகின் விலையும் கூடும். வீட்டுக்காரரும் நீங்களும் ஒரே மானியில் இருந்தால், பில்லை எப்படிப் பிரிப்பது என்று முதலிலேயே பேசுங்கள்.

குடியிருப்போர் விபரத்தைப் பொலிசில் பதியச் சொன்னால் பதிந்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வெளியே அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. நாங்கள் அதைப் பார்த்த தலைமுறை. நீங்கள் அந்தப் பயத்தைச் சுமக்க வேண்டாம். ஆனால் அடையாள அட்டையும் ரசீதுகளும் எப்போதும் ஒரே உறையில் இருக்கட்டும்.

வீட்டுக்காரர் தாமாகப் பூட்டை மாற்றி உங்களை வெளியே தள்ள முடியாது. அதற்கு நீதிமன்றம் போக வேண்டும். அப்படி நடந்தால் உடனே பொலிசில் முறையிடுங்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் கீழ், பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரைத் திரும்பக் குடியமர்த்த உத்தரவிட முடியும். ஆனால் வெளியேற்றப்பட்டு இரண்டு மாதத்துக்குள் விடயம் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். “பார்ப்போம், பார்ப்போம்” என்று ஊரில் வந்து இருந்துவிடாதீர்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, அம்புலன்சுக்கு 1990.

கடைசியாக, டாக்டராக ஒன்று. நம் குளிருக்கு டெங்கு அரிது, கொழும்பில் அப்படியல்ல. 2017இல் நாட்டில் ஒரு லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. ஒருமுறை நம் தோட்டப்பக்கத்துப் பிள்ளை ஒன்றை ஆறாம் நாள் என் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். கடையில் வேலை, போடிங்கில் எட்டுப் பேரோடு இருப்பு. காய்ச்சல் என்று சொன்னால் அறையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று மறைத்திருக்கிறாள். காய்ச்சல் விட்டதும் சுகம் என்று நினைத்திருக்கிறாள். டெங்கில் ஆபத்து தொடங்குவதே அப்போதுதான். இரண்டு இரவு போராடிப் பிழைத்தாள். “ஏன் பிள்ளை சொல்லவில்லை?” என்றேன். “அறை போயிரும்னு பயந்துட்டேன் டாக்டர்” என்றாள். என் அம்மாவின் குரல் கேட்டது போலிருந்தது.

தங்கச்சிமாரே, காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பரசிட்டமோல் தவிர வேறு வலி மாத்திரை போடாதீர்கள். அறைக்கு நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். அது யாரும் போடும் பிச்சையல்ல. கேட்க வேண்டியதை மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள்.

கொழும்பிலும் கண்டியிலும் வெளிநாட்டிலும் இருக்கும் அக்காமாரிடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக மண்டபம் கட்டுவோம், நல்லது. அதோடு, ஊரிலிருந்து வரும் ஒரு பிள்ளையோடு அறை பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடப் போங்கள். ஒப்பந்தத்தை ஒருமுறை வாசித்துக் கொடுங்கள். எனக்கு அன்று அப்படி ஓர் அக்கா இருந்திருந்தால் இரண்டு மாத வாடகை மிஞ்சியிருக்கும். அந்தப் பிள்ளைக்கு இருந்திருந்தால் மூன்றாம் நாளே வந்திருப்பாள்.